விடுப்பைக் கணினியில் போட யாரும் வராத காலம்

ஓசூரை அடுத்த ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் நான் இருந்தபோது, சம்பளச் சீட்டு, மிகைநேரக் கணக்கு, விடுப்பு ஆகியவற்றைத் தொழிலாளர்கள் தாங்களே பார்த்துக்கொள்ளும் கணினி அமைப்பு ஒன்று நிறுவப்பட்டது. தமிழில் திரை, கேன்டீன் வாசலில் தொடுதிரை, ஷிஃப்ட் வாரியாகப் பயிற்சி என எல்லாம் செய்தோம். சம்பளச் சீட்டைப் பார்க்க முதல் மாதமே வரிசை நின்றது. விடுப்பு விண்ணப்பப் பக்கத்தைத் திறக்கத்தான் ஆளில்லை.

ஆய்வாளர் பிரெட் டேவிஸ் 1989-இல் வெளியிட்ட ‘தொழில்நுட்ப ஏற்பு மாதிரி’ என்ற கோட்பாடு, ஒரு கணினி அமைப்பை ஒருவர் பயன்படுத்துவதற்கு அதன் பயனும் எளிமையும் குறித்த அவரது எண்ணங்களே காரணம் என்றும், இரண்டில் பயனுக்கே வலு அதிகம் என்றும் கூறுகிறது. எங்கள் தொடுதிரை இரண்டு வேலைக்கும் ஒரே அளவுக்கு எளிதாகத்தான் இருந்தது. ஆனால் சம்பளச் சீட்டு உடனே கைக்கு வந்தது, விடுப்போ சூப்பர்வைசர் தலையசைத்தால்தான் கிடைத்தது. "முதல்ல என்கிட்ட சொல்லு, அப்புறம் சிஸ்டத்துல போடு" என்று அவர் சொல்லும்வரை, கணினியில் போடுவது இரட்டை வேலையே. கட்டாயமாக்கப்பட்ட அமைப்புகளில் மேலதிகாரிகளின் எதிர்பார்ப்பு பயன்பாட்டைப் பாதிக்கிறது என்று இதே துறை ஆய்வாளர்களான வெங்கடேஷும் பிறரும் 2003-இல் எழுதினார்கள். எங்கள் சுற்றறிக்கையில் கட்டாயம் இருந்தது; சூப்பர்வைசரின் மேசையிலோ பழைய விடுப்புப் பதிவேடு இருந்தது.

இன்னொரு காரணம் எண்கள். ஓர் ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு, 20 நாளுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் அடுத்த ஆண்டு சம்பளத்துடன் விடுப்பு என்பது அப்போது நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் விதி. அதைத் தொழிலாளர்கள் மனப்பாடமாகவே வைத்திருந்தார்கள். முந்தைய ஆண்டின் மிச்ச விடுப்பு ஏற்றப்படாததால் திரை குறைவாகக் காட்டியபோது, மொத்த அமைப்பின் மீதே நம்பிக்கை போய்விட்டது. கணக்குத் தவறென்று கருதுபவர் அங்கேயே முறையிட ஒரு பொத்தான் வைத்து, பழைய பதிவேட்டையும் சூப்பர்வைசரின் மேசையிலிருந்து அகற்றிய பிறகுதான் விண்ணப்பங்கள் வரத் தொடங்கின. பயிற்சி வகுப்புகளால் அது நடக்கவில்லை என்பது என் கருத்து.

அப்போதும் பெண் தொழிலாளர்கள் பலர் ஒதுங்கியே நின்றார்கள். படிப்புக் குறைவுதான் காரணம் என்று கூட்டங்களில் பேசப்பட்டது (எதற்கெடுத்தாலும் சொல்லப்படும் காரணம் அது). உண்மையில், அவர்கள் பதிவுசெய்திருந்த கைப்பேசி எண் கணவருடையதாகவோ அண்ணனுடையதாகவோ இருந்தது. உள்ளே நுழைவதற்கான ஓடிபி அந்தக் கைப்பேசிக்கே போயிற்று. மிகைநேரப் பணம் எவ்வளவு என்று பார்ப்பதற்கு வீட்டில் ஒருவரைக் கேட்க வேண்டியிருந்ததை அவர்கள் விரும்பவில்லை. ஓடிபிக்குப் பதில் அடையாள அட்டையும் கைரேகையும் போதும் என்று மாற்றிய பின், மிகைநேரக் கணக்கில் முறையீடுகளை அதிகம் பதிந்தவர்கள் அவர்களே.