காப்புப் பிறப்புரிமையியல்: பரீட்சைக்கு எப்படிப் படித்தேன்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து உயிரியல் பட்டப்படிப்புக்குப் போகிற தம்பி தங்கைமாருக்கு இதை எழுதுகிறேன், உயர்தரத்தில் ஹார்டி–வைன்பேர்க் கணக்கோடு (ஒரு குடித்தொகையில் மரபணு வகைகளின் வீதத்தைக் கணிக்கிற கணக்கு) மல்லுக்கட்டுகிறவர்களுக்கும் உதவும். காப்புப் பிறப்புரிமையியல் என்றால் அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களைக் காக்க மரபியலைப் பயன்படுத்துகிற பாடம். இந்தப் பாடத்தை வரைவிலக்கணமாகப் பாடமாக்கினால் வினாத்தாளில் கை நின்றுவிடும். போத்தல் கழுத்து விளைவு (தொகை திடீரென்று சுருங்கி பரம்பரை வேறுபாடு குறைவது) என்றால் என்ன என்று கேட்பதோடு விடமாட்டார்கள், அழிந்துகொண்டிருக்கிற ஒரு விலங்கின் நிலையைச் சொல்லி இனி என்ன செய்யலாம் என்று கேட்பார்கள்.

முதலில் பிடிக்க வேண்டியது பயனுறு குடித்தொகை, அதாவது பரம்பரை வேறுபாட்டைக் காப்பதில் எத்தனை விலங்குக்குச் சமம் என்ற எண். கல்லோயாக் காட்டில் வளர்ந்த யானைகள் 50, அதில் பெண் 45, ஆண் 5 என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பெருக்கி, திரும்ப 4 ஆல் பெருக்கி, மொத்தத்தால் வகுத்தால் 18 வரும். கண்ணுக்குத் தெரிவது 50, பரம்பரை வேறுபாட்டைக் காப்பாற்றுகிற கணக்கில் அது வெறும் 18. தலைமுறைக்குத் தலைமுறை இழக்கிற வேறுபாடு, 18 இன் இரட்டிப்பான 36 இல் 1, கிட்டத்தட்ட 2.8 சதவீதம். இந்த இடத்தில் அவசரப்படவே வேண்டாம், எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள், 25 ஆணும் 25 பெண்ணும் என்றால் 50 அப்படியே நிற்கும். இது பிடிபட்டுவிட்டால், காடு துண்டுபட்டுக் கூட்டங்கள் சின்னதாகப் பிரியும்போது யானைப் பாதைகளை மறிக்காதீர்கள் என்று ஏன் கத்துகிறார்கள் என்பது தானாக விளங்கும்.

அப்புறம் வெளியிலிருந்து விலங்கு கொண்டுவந்து கலப்பது பற்றிய இரண்டு கதைகளைச் சோடியாகப் படியுங்கள். புளோரிடாவில் 1990களின் தொடக்கத்தில் எஞ்சிய பூமாக்கள் (பெரிய காட்டுப்பூனை இனம்) 20, 30 தான். சொந்தத்துக்குள்ளேயே இனம்பெருகி வால் மடங்கியும் இதயம் பழுதாகியும் கிடந்தன. 1995 இல் டெக்சாஸிலிருந்து 8 பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள், அடுத்த தலைமுறைகளில் அந்தக் குறைகள் குறைந்து தொகை 100ஐத் தாண்டியது. ஆனால் ஐரோப்பாவின் தத்ரா மலையில் ஐபெக்ஸ் என்ற காட்டு ஆடுகளோடு துருக்கி, சினாய்ப் பகுதி ஆடுகளைக் கலக்கவிட்டபோது, கலப்பு ஆடுகள் கடுங்குளிரான பெப்ரவரியில் குட்டி போட்டு, கூட்டமே அழிந்தது. இரண்டையும் எழுதுகிறவரின் விடைதான் முழுமையானது என்பது என் எண்ணம்.

ஆய்வு முறைகளில் யானை இலத்தியை நன்றாகப் படியுங்கள், எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. புதிய இலத்தியின் வெளிப்படலத்தில் குடற்கலங்கள் ஒட்டியிருக்கும், அதிலிருந்து டிஎன்ஏ எடுத்து பிசிஆரில் (டிஎன்ஏயைப் பல பிரதிகளாக்குகிற முறை) பெருக்கினால், யானையைப் பிடிக்காமலே அது எந்த யானை, ஆணா பெண்ணா, யாருக்குச் சொந்தம் என்று பார்க்கலாம்.

தாவரங்களைப் பலர் விட்டுவிடுகிறார்கள், நெல் விளைகிற மண்ணிலிருந்து வருகிற நாங்கள் விடக்கூடாது. ஓரைசா நிவாரா என்ற காட்டுநெல்லிலிருந்துதான் நெற்பயிரைக் குட்டையாக்குகிற புல்குட்டை வைரசுக்கு எதிர்ப்பு பயிர்நெல்லுக்கு வந்தது. இலங்கைக்கே உரிய ஓரைசா ரைசோமற்றிஸ் என்றொரு காட்டுநெல்லும் இருக்கிறது. கன்னொறுவையில் 1988 முதல் தாவர மரபணு வள நிலையம் இயங்குகிறது, விதைவங்கிக்கு உதாரணம் கேட்டால் அதை எழுதுங்கள்.

கூட்டமாகப் படிக்கிறவர்கள் ஒரு சின்னக் குடித்தொகையை எடுத்து, வெளியிலிருந்து விலங்கு கொண்டுவரலாம் என்று ஒருவரும் வேண்டாம் என்று ஒருவரும் வாதாடுங்கள், பாதியில் பக்கம் மாறுங்கள். கட்டுரை வினாவுக்கு எனக்கு அதிகம் கைகொடுத்தது இதுதான்.