கடைசி ரெண்டு ஓட்டம்

மலேசியாவின் தெலுக் இந்தான் என்றால் எல்லாருக்கும் சாய்ந்த கோபுரம்தான் ஞாபகம் வரும். அந்த ஊரில் மட்டம் பார்க்கும் தொழில் செய்தேன் என்றால் சிரிப்பார்கள்.

சுற்றுவட்டாரச் செம்பனை ஆலைகளிலிருந்து எங்கள் பட்டறைக்குத் தகடும் கத்தியும் வரும். தேய்த்து மட்டமாக்க, 6க்கு 18 அங்குல மேசையோடு பழைய சர்ஃபேஸ் கிரைண்டர் ஒன்று இருந்தது. சுழலும் கல்லுக்கு அடியில் மேசை இங்குமங்கும் ஓடித் தகட்டைத் தேய்க்கும்; ஓட்டுவது கைச்சக்கரம் சுற்றித்தான், முழுக்கக் கைவேலை. 150 மில்லிமீட்டர் அகலத் தகட்டை ஓட்டத்துக்கு 1 மில்லிமீட்டர் நகர்த்தினால், ஒரு தடவை முடிக்க 150 ஓட்டம். தடவைக்கு 0.01 மில்லிமீட்டர் ஆழம் வைத்து 0.1 எடுக்க 1500 ஓட்டம். இப்படியே வருடக்கணக்காய்ச் சக்கரம் சுற்றிய அண்ணனுக்கு இடது தோளைத் தூக்க முடியவில்லை.

"தம்பி, ஒரு மோட்டாரு மாட்டிக் குடேன்" என்றார்.

கம்ப்ரஸர் சும்மா கிடந்ததால் முதலில் காற்று சிலிண்டர் வைத்தேன். காற்று அமுங்கும் என்பது தெரிந்தும் வைத்தேன், அதுதான் என் புத்தி. மேசை நின்று நின்று பாய்ந்தது. தகட்டில் அலை அலையாய்க் கோடு. அப்புறம் பழைய கார் வைப்பர் மோட்டாரில், சுழற்சியை முன்பின் ஓட்டமாக்கும் கிராங்க் மாட்டினேன். நடுவில் ஓடும், ஓரத்தில் தூங்கும். வேறு நீளத் தகடு வந்தால் கிராங்கின் கையைக் கழற்றி மாற்ற வேண்டும்.

கடைசியில், சின்னச் சின்ன அடியாய்ச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டாரும், மேசையை இழுக்கப் பல் வைத்த பட்டையும். இரண்டு முனையிலும் நகர்த்தி வைக்கிற சென்சார். ஓட்டுவது பெரிய விஷயமில்லை, திருப்புவதுதான் பாடு. சட்டென்று திருப்பினால் மெஷினே குலுங்கியது, தகட்டு ஓரத்தில் வடு விழுந்தது. முனை வருமுன் வேகம் தணிந்து, கல் தகட்டைத் தாண்டி ஓர் அங்குலம் வெளியே போனபின் திரும்பும்படி வைத்ததும் அடங்கியது. மோட்டாரின் அதிர்வு மேசைக்கு ஏறாதிருக்க, அதைத் தனி ஸ்டாண்டில் நிறுத்தினேன்.

கைச்சக்கரத்தை மட்டும் மறந்துவிட்டேன். மேசை ஓட, அதுவும் சேர்ந்து சுழன்று, பிடி என் மணிக்கட்டில் ஒன்று வைத்தது. வீக்கம் நான்கு நாள். சக்கரத்தை மேசையோடு இணைக்கும் சின்னப் பல்சக்கரமான பினியனை அன்றே கழற்றினேன்.

அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்தார். இடது கை தானாகச் சக்கரத்துக்குப் போனது. அது வெறுமனே சுற்றியது.

"கல்லு மழுங்கிடுச்சான்னு கைக்குத்தான்டா தெரியும். இப்போ காதால கேக்க வேண்டியதா இருக்கு."

அடுத்த வாரம் பினியனைத் திரும்பப் போட்டேன், இழுத்தால் விலகி, தள்ளினால் பல்லில் மாட்டுகிற மாதிரி. 1500ல் கடைசி இரண்டு ஓட்டத்துக்கு மோட்டாரை நிறுத்தி, பட்டையைத் தளர்த்தி, பிடியைத் தள்ளுவார்.

"நகரு, நான் ஓட்டுறேன்."