குளோரின் கிடக்குதானே

"தம்பி, கொஞ்சம் ஆறுதலா விடச் சொல்லுங்கோ. குடல் அறுபடுது."

எங்கள் கோழி வெட்டுகிற ஆலையில், குடல் எடுக்கிற மேசையில் நின்ற அக்கா சொன்னது அவ்வளவுதான். நான் சொன்ன பதிலும் சின்னதுதான்: "தண்ணிக்குள்ள குளோரின் கிடக்குதானே அக்கா."

நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழா முடிந்த கையோடு நடந்தது. 25 நாள் மரக்கறியோடு இருந்த ஊர் ஒரேயடியாகக் கோழி கேட்கும். ஓடர் இரண்டு மடங்கு, கைகள் பழைய கைகள்தான். கோழிகள் ஒவ்வொரு மேசையாக ஓடிவருகிற லைனை வேகமாக விடச் சொன்னார் முதலாளி. கூட்டிவிட்டது நான்.

தரம் பார்ப்பது என் வேலை. ஆகவே தெரியாமல் சொன்னேன் என்று தப்ப முடியாது. வயிற்றோட்டம் தருகிற கிருமிகளான சல்மொனெல்லாவும் கம்பைலோபக்டரும் கோழிக் குடலில் பெரும்பாலும் சத்தமில்லாமல் குடியிருக்கும். குடல் கிழிந்தால் இறைச்சிக்கு வந்துவிடும். கழுவுகிற தண்ணீரில் கிருமி கொல்லப் போடுகிற குளோரினோ, அழுக்கோடு மல்லுக்கட்டியே தன் பலத்தை இழந்துவிடும். காலையில் அளந்து போட்டது, இரத்தமும் எச்சமும் கலந்த மத்தியானத் தண்ணீரில் பேருக்குத்தான். அக்காவுக்கு நான் சொன்னது காலைக் கணக்கு.

ஆனால் வேகம் மட்டுமா குற்றம்? வெட்டுவதற்கு 8 முதல் 12 மணித்தியாலம் முன்னரே தீனியை நிறுத்த வேண்டும். அன்று வந்த கோழிகளுக்கு இரைப்பை முட்டத் தீனி. பண்ணைக்காரருக்கு நிறை கூடினால் காசு. நிறைந்த குடல் மெல்ல இழுத்தாலும் கிழியும். இறகு பிடுங்குகிற மெசினின் இறப்பர் விரல்கள் வேறு, ஒரு கோழியின் எச்சத்தை அடுத்ததில் பூசிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவில் நிமிடத்துக்கு 140 கோழி ஓடவிடவும் சட்டம் இடம் கொடுக்கிறது. எங்கள் லைன் அதற்குக் கிட்டவும் வராது. இதை இரவு மனுசியிடம் சொன்னேன்.

"அங்க மெசின் குடலெடுக்குது. இங்க அந்த அக்காவெல்லோ எடுக்கிறா" என்றாள்.

அன்று பரிசோதனைக்கு மாதிரி எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் முடிவு வர நாட்கள் பிடிக்கும், அதற்குள் கோழி குழம்பாகியிருக்கும். எங்கள் ஊர்க் குழம்பு கொதிக்கிற கொதியில் இந்தக் கிருமிகள் மிஞ்சாது, உண்மைதான். கோழி கழுவிய பேசினிலேயே யாராவது சலாட்டுக்குத் தக்காளி கழுவியிருந்தால்?

ஒருவரும் முறையிடவில்லை. வயிற்றோட்டம் வந்தவர் எந்தக் கோழி என்று தேடிக்கொண்டா வரப்போகிறார்?

லைன் இப்போது பழைய வேகத்தில்தான் ஓடுகிறது. அக்காவும் அதே மேசையில்தான். குடல் அறுபடுவதாக அதன்பிறகு அவ சொன்னதேயில்லை. அறுபடவில்லையா, சொல்லவில்லையா? பத்தடி நடந்துபோய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். அவ நிற்கிற நேரத்தில் அந்தப் பக்கம் போக எனக்கு எப்போதும் வேறு வேலை வந்துவிடுகிறது.