ஜாங் சின் பிரித்துக்கொண்ட வேலை

கட்டடத் தொழிலில் இருப்பவர்கள் சீனாவின் பெண் தொழிலதிபர் ஜாங் சின் பற்றிப் பேசத் தொடங்கினால் பேச்சு சட்டென்று அவருடைய சொத்துக்குப் போய்விடும். எனக்கு அவர் வேலை பார்த்த விதம்தான் பெரிது. 1965-இல் பெய்ஜிங்கில் பிறந்தவர், 14 வயதில் அம்மாவோடு ஹாங்காங் வந்து, துணி, எலெக்ட்ரானிக்ஸ் என்று சின்னச் சின்னத் தொழிற்சாலைகளில் ஐந்து வருடம் உழைத்தார். இன்னொரு இடத்தில் சம்பளம் கொஞ்சம் கூட என்றால் அங்கே மாறிவிடுவார். அப்படிச் சேர்த்த காசில் 19 வயதில் இங்கிலாந்துக்கு விமானம் ஏறியபோது கொண்டுபோன சாமான்களில் ஒரு வாணலியும் இருந்தது.

சசெக்ஸ், கேம்பிரிட்ஜ் படிப்பு, அப்புறம் கோல்ட்மேன் சாக்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கியில் வேலை. எனக்கு விஷயம் சூடுபிடிப்பது அதற்குப் பிறகு, 1995-இல், கணவர் பான் ஷியியோடு சேர்ந்து பெய்ஜிங்கில் சோஹோ சைனா என்ற கட்டட நிறுவனத்தைத் தொடங்கியபோதுதான். முதலில் இருவருக்கும் ஒத்தே வரவில்லை. இவர் வெளிநாட்டு வங்கியின் ஒழுங்கில் பழகியவர், அவர் ஹைனான் தீவின் நில வியாபாரத்தில் அடிபட்டுக் கற்றவர், எதைப் பேசினாலும் சண்டைதான். கடைசியில் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள்: நிலமும் விற்பனையும் பான் பக்கம், வடிவமைப்பு இவர் பக்கம். இரண்டு முதலாளிகள் ஒரே வரைபடத்தில் கைவைக்கும் சைட்டில் மேஸ்திரி யார் பேச்சைக் கேட்பது என்று விழிப்பதைப் பார்த்தவன் நான். அதனால் இவர் எடுத்த முடிவுகளிலேயே பெரியது இதுதான் என்பேன்.

பலன் சீக்கிரமே தெரிந்தது. சீனப் பெருஞ்சுவர் அருகே ஆசியக் கட்டடக் கலைஞர்கள் 12 பேரை வைத்துக் கட்டிய வீடுகளுக்காக 2002 வெனிஸ் கட்டடக் கலைக் கண்காட்சியில் அவருக்குச் சிறப்புப் பரிசு கிடைத்தது. பிறகு கட்டடக் கலைஞர் ஸாஹா ஹதீதோடு பெய்ஜிங்கில் கேலக்ஸி சோஹோ, வாங்ஜிங் சோஹோ என்ற கட்டடங்கள். கேலக்ஸி வந்த இடத்தில் பழைய பெய்ஜிங்கின் சந்துகள் அழிந்தன என்று பாரம்பரியப் பாதுகாப்பாளர்கள் கொதித்தார்கள், அந்தக் கோபம் நியாயமானது.

தொடக்கத்தில் அலுவலக இடங்களைத் துண்டு துண்டாகச் சிறு முதலீட்டாளர்களுக்கு விற்றார்கள். பணம் உடனே புரளும், 2007-இல் ஹாங்காங் பங்குச் சந்தைக்கும் போனார்கள். ஆனால் ஒரே கட்டடத்துக்கு நூற்றுக்கணக்கில் உரிமையாளர்கள் என்றால் பராமரிப்பதும் நல்ல வாடகைதாரரைப் பிடிப்பதும் பெரும்பாடு. 2012-இல் விற்பதை விட்டு, வைத்திருந்து வாடகைக்கு விடும் வழிக்கு மாறினார்கள். அப்படியென்றால் கட்டடத்தின் குறை நிறை எல்லாம் நாளைக்கும் நம் தலையில்தான்.

அந்தக் காலத்தில் எழுந்தது பெய்ஜிங்கின் லீஸா சோஹோ கோபுரம், 2019-இல் திறந்தது. மனைக்கு அடியில் மெட்ரோ சுரங்கம் குறுக்காக ஓடுகிறது. சாதாரண பில்டர் மனையே வேண்டாம் என்றிருப்பார். இங்கே சுரங்கத்தின் இரு பக்கமும் கோபுரத்தை இரண்டாகப் பிளந்து, நடுவில் 190 மீட்டருக்கு மேல் உயரமான வெற்றிடத்தை முறுக்கி எழுப்பினார்கள். 2022 செப்டம்பரில், சீன மனைத் தொழிலே தள்ளாடிக்கொண்டிருந்த நேரத்தில், கணவனும் மனைவியும் ஒன்றாகப் பதவி விலகினார்கள். சைட்டுக்குப் புதிதாக வரும் பொறியாளர்களுக்கு நான் இன்றும் லீஸாவின் அடித்தள வரைபடத்தைத்தான் முதலில் காட்டுகிறேன்.