ரப்பர் தோட்டத்துக்காரன் கடையில் வாங்கிய ரப்பர்

பெட்ரோல் கசிந்தால் தரையில் சொட்டியிருக்குமே என்று என்னிடம் கேட்டவர்கள் எல்லாரும் என்னைவிட நன்றாகக் கார் ஓட்டுபவர்கள். எங்கள் பழைய மாருதி 800 தரையில் ஒரு துளிகூடச் சிந்தவில்லை. காலையில் ஷெட் கதவைத் திறந்தால் வாடை மட்டும் முகத்தில் அடிக்கும். பானெட்டைத் தூக்கினால் வாடை இன்னும் கூடும். மெல்ல ஊறிக் கசிகிற பெட்ரோல் சொட்டாகத் திரள்வதற்குள் ஆவியாகிவிடும். மூக்கைத் தவிர அதற்கு வேறு சாட்சி இல்லை.

வேறு ஊராக இருந்தால் நானும் ஒரு வாரம் பார்க்கலாம் என்று விட்டிருப்பேன். குலசேகரம் பக்கம் எங்கள் நிலம் மேடும் பள்ளமுமாக இருக்கும். கார் ஷெட் மேட்டில். அதற்குக் கீழே ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் அறை. ஷீட் காய்கிற நாட்களில் அங்கே இரவு பகலாக விறகு கனன்றுகொண்டிருக்கும். பெட்ரோல் ஆவியோ காற்றைவிடக் கனமானது. மேலே எழுந்து கலைந்துபோகாது, தரையோடு தரையாக இறங்கிப் பள்ளத்தைத் தேடும். பூஜ்யத்துக்கு 40 டிகிரி கீழே இருக்கும் குளிரில்கூட ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் திரவம் அது. அத்தைக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனால், "வண்டியை முதலில் முற்றத்துக்குக் கொண்டு போ. அதுவரை நான் புகை அறைக்குத் தீ வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். ஸ்டார்ட் செய்யாமல் நானும் அக்கா மகனும் தள்ளியே வெளியே கொண்டுவந்தோம்.

கசிவைக் கண்டுபிடிக்கப் பெரிய வித்தை எதுவும் தேவைப்படவில்லை. பானெட்டுக்குள் எல்லாப் பொருளின் மேலும் எங்கள் ஊர்ச் செம்மண் தூசி ஒட்டியிருந்தது. பம்பிலிருந்து, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்குப் போகும் ஒரு சாண் ஹோஸில் மட்டும், கிளிப்புக்கு அருகே இரண்டு விரல் அகலத்துக்குத் தூசி கழுவப்பட்டுக் கறுப்பாகப் பளபளத்தது. அந்த இடத்தை லேசாக வளைத்தேன். வெடித்த குதிகால் போல நெடுக நெடுகக் கோடுகள் திறந்தன. தாளால் ஒற்றினேன், ஈரம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் டிஸ்ட்ரிபியூட்டர். எஞ்சின் ஓடும்போது பொறி பறப்பதுதான் அதன் தொழில்.

கார்புரேட்டர் வண்டி என்பதால் இதை வீட்டிலேயே செய்யலாம் என்று முடிவெடுத்தேன். இதில் பம்ப் எஞ்சினோடு சேர்ந்து ஓடும் டயாபிரம் பம்ப். அழுத்தம் கால் பார், அதாவது காற்றழுத்தத்தில் கால்வாசி அளவுதான். எஞ்சினை அணைத்து ஆறவிட்டால் ஹோஸில் சீறி அடிக்க எதுவும் மிச்சம் இருக்காது. வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் அண்ணனிடமும் போனில் கேட்டேன். பைக்குக்குப் போடுகிற பெட்ரோல் டியூப்பில் ஒரு துண்டு வாங்கி மாட்டினால் போதும் என்றார். அவர் கைத்திறமையில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் ரப்பர் விஷயத்தில் நான் யார் சொல்லையும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை.

எங்கள் மரத்தில் வடியும் பாலை ஆசிட் ஊற்றி உறைய வைத்து, ரோலரில் கொடுத்து ஷீட்டாக்கி, புகை போட்டு விற்கிறோம். டயருக்கு அதைவிட நல்ல பொருள் கிடையாது. பெட்ரோலுக்கு மட்டும் அது ஆகவே ஆகாது. அக்கா மகன் நம்பவில்லை. மரத்திலேயே உறைந்துபோன ஒட்டுப்பாலில் ஒரு துண்டையும் காய்ந்த ஷீட்டில் ஒரு துண்டையும் வெட்டி, மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் பெட்ரோலோடு போட்டு, முற்றத்தின் கோடியில் வைத்தேன். மறுநாள் காலையில் ஷீட் துண்டு பல மடங்கு பருத்து, குச்சியால் தொட்டால் நழுவியது. தூக்கினால் இழுபட்டு அறுந்தது. பஞ்சர் ஒட்டுகிறவர்கள் தடவுகிற சொல்யூஷன் இருக்கிறதே, அதுவும் இந்த வித்தைதான்: பெட்ரோல் வகைக் கரைப்பானில் கரைந்த ரப்பர்.

இயற்கை ரப்பரும் ஹைட்ரோகார்பன், பெட்ரோலும் ஹைட்ரோகார்பன்; இரண்டும் கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த பொருட்கள். ஒரே குலம் என்பதால் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடுகிறது. அதனால் பெட்ரோல் ஹோஸுக்கு நைட்ரைல் என்கிற செயற்கை ரப்பர். அதில் அக்ரிலோநைட்ரைல் என்ற, பெட்ரோலோடு ஒட்டாத குணமுள்ள பொருளைச் சேர்த்திருப்பார்கள். அது கூடக் கூடப் பெட்ரோலைத் தாங்கும் வலுவும் கூடும். ஆகவே மாவட்டம் முழுக்க ரப்பர் மரம் நின்றாலும் இந்த ஒரு சாண் ரப்பருக்கு நாங்கள் கடைக்குத்தான் போக வேண்டும்.

இப்போது பெட்ரோலில் கலக்கும் எத்தனால் என்ற ஆல்கஹால் வேறு. 2022இல் பெட்ரோலில் 10 சதவீதமாக இருந்தது 2025இல் 20 சதவீதத்துக்கு வந்துவிட்டது. எத்தனாலின் குணம் பெட்ரோலின் குணம் அல்ல. பெட்ரோலை மட்டும் மனதில் வைத்துச் செய்த பழைய நைட்ரைலைக் கலவைப் பெட்ரோல் கூடுதலாகவே ஊறச் செய்யும். உள்ளே இருக்கும் மென்மையூட்டும் பொருட்களையும் இழுத்துக்கொண்டு போகும். பிறகு காய்ந்தால் ரப்பர் விறைத்து வெடிக்கும். ஊரில் எந்த வண்டி எந்த இடத்தில் நின்றாலும் எத்தனாலைத் திட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. எங்கள் கார் அப்பா 1997இல் வாங்கியது. ஹோஸில் இருந்த கம்பி கிளிப்பைப் பார்த்தால் கம்பெனி மாட்டியதாகவே தெரிந்தது. எஞ்சின் சூட்டில் இத்தனை காலம் கிடந்த ரப்பருக்கு எத்தனால் கடைசி உதை கொடுத்திருக்கலாம். வயதைக் கொடுத்தது எத்தனால் அல்ல.

மார்த்தாண்டத்தில் மேம்பாலத்துக்குக் கீழே ஒரு உதிரிபாகக் கடையில் கேட்டபோது முதலில் எடுத்து நீட்டியது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டியூப். சூடு பட்டால் இளகும், சில மாதங்களில் மஞ்சளித்து விறைக்கும். வேண்டாம் என்றேன். அடுத்து வந்த கறுப்பு ஹோஸில் எழுத்தே இல்லை. அதுவும் வேண்டாம் என்றதும் கடைக்காரர், "அண்ணன் எந்த ஒர்க்‌ஷாப்?" என்று கேட்டார். தோட்டம் என்று சொன்னேன். கடைசியில் உள்ளேயிருந்து ஒரு சுருள் வந்தது. அதன் மேல் எஸ்ஏஇ 30ஆர்9 என்று ஹோஸின் தரக் குறியீடு அச்சிட்டிருந்தது. கார்புரேட்டர் வண்டிக்கு 30ஆர்7 போதும். ஆர்9, பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சிச் செலுத்தும் இஞ்செக்‌ஷன் வண்டியின் அழுத்தத்துக்கானது. ஆனால் அதன் உள் அடுக்கு புளூரோ ரப்பர் வகையாக இருக்கும், எத்தனாலை இன்னும் நன்றாகத் தாங்கும். மீட்டருக்குக் கூடுதலாகக் கேட்ட பணத்தைப் பேரம் பேசாமல் கொடுத்தேன். அளவுக்குப் பழைய ஹோஸை நம்பக் கூடாது, அது ஊறிப் பருத்திருக்கும். பம்பில் இருக்கும் உலோகக் குழாயின் வெளிவிட்டத்தை வெர்னியரில் அளந்து எழுதிக்கொண்டு போயிருந்தேன்.

கிளிப்பிலும் ஒரு சங்கதி உண்டு. திருப்புளியால் முறுக்குகிற சாதாரணக் கிளிப்பில் பட்டை நெடுக வெட்டுகள் இருக்கும். இறுக்க இறுக்க ரப்பர் அந்த வெட்டுகளுக்குள் பிதுங்கி அறுபடும். விளிம்பு மடித்த, உள்பக்கம் வழவழப்பான சிறு கிளிப் தனியாகக் கிடைக்கிறது. அதிலும் துருப்பிடிக்காத எஃகாகப் பார்த்து வாங்கினேன். குளச்சல், முட்டம் பக்கம் கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே தேவையில்லை. உப்புக் காற்றில் இரும்புக் கிளிப் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

வேலை நடந்தது முற்றத்தில், வெயில் ஏறும் முன், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றினேன். டேங்கில் ஆவி அழுத்தம் இருந்தால் இறங்கட்டும் என்று மூடியைத் திறந்து மூடினேன். புகை அறையில் இருக்கும் உலர்தூள் தீயணைப்பானை எடுத்துவந்து கையெட்டும் தூரத்தில் வைத்தேன்; பெட்ரோல் தீயில் வாளித் தண்ணீரை ஊற்றினால் தீ தண்ணீரின் மேல் மிதந்து பரவும். போன்கள் திண்ணையில்.

கம்பி கிளிப்பைக் குறடால் அழுத்தி நகர்த்தினேன். ஹோஸை நேராக இழுக்கக் கூடாது. கார்புரேட்டர் பக்கக் குழாய் மெல்லியது. வளைந்தால் பிறகு அழ வேண்டியதுதான். முதலில் இடமும் வலமுமாகத் திருகி ஒட்டை விடுவிக்க வேண்டும். பம்ப் பக்கம் திருகியதும் வந்துவிட்டது. மறுமுனை வரவில்லை. ரப்பரை மட்டும் பிளேடால் நெடுகக் கீறி உரித்தேன், கத்தி முனை உலோகத்தில் படாமல். அதில் ஒரு கீறல் விழுந்தால் புது ஹோஸுக்கு அடியிலும் பெட்ரோலுக்கு வழி கிடைத்துவிடும். உள்ளே நின்ற பெட்ரோல் ஒரு சிறு தகரக் குவளைக்குள் அடங்கியது.

குழாய் முனையில் துரு படிந்திருந்தது. நயமான எமரித் தாளால் தேய்த்துத் துணியால் துடைத்தேன். துருத்தூள் உள்ளே போகாமல் முனையில் துணித் திரி செருகியிருந்தேன். புது ஹோஸைக் கூரான பிளேடால் ஒரே வெட்டாக, நேராக வெட்டினேன். ரம்பம் போட்டால் தூள் உள்ளே போய் கார்புரேட்டரின் சிறு துளையான ஜெட்டில் உட்காரும். குழாயின் நுனியில் ஒரு சிறு மேடு இருக்கும். ஹோஸ் அதைத் தாண்டி உள்ளே போக வேண்டும். கிளிப்பும் அந்த மேட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும். மேட்டின் மேலேயே கிளிப்பைப் போட்டு முறுக்கிய வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

டேங்கிலிருந்து வரும் பக்கத்துத் துண்டையும் டேங்குக்குத் திரும்பும் சின்னத் துண்டையும் அப்போதே மாற்றிவிட்டேன். எல்லாம் ஒரே வயது. ஒன்று வெடித்தால் மற்றவற்றின் முறை வரிசையில் நிற்கும்.

பேட்டரியை மாட்டி ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்றியபோது முதலில் எதுவும் நடக்கவில்லை. காலியான ஹோஸைப் பம்ப் நிரப்பியாக வேண்டுமே. பிறகு இருமிக்கொண்டு எழுந்தது. எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு இணைப்பிலும் வெள்ளைத் தாளால் ஒற்றினேன், காய்ந்திருந்தது. பேச்சிப்பாறை வரை ஓட்டிவிட்டு வந்து, சூடான எஞ்சினில் மறுபடி ஒற்றினேன். அணைத்தபின் சூடு ஏறும் நேரத்தில்தான் கசிவு தலைகாட்டும். அத்தை பானெட்டுக்குள் தலையை நீட்டி மோந்து பார்த்துவிட்டு, புகை அறைக்கு விறகெடுக்கப் போனார்.

இதைக் கேள்விப்பட்ட சித்தப்பா மகன் தன்னுடைய காருக்கும் செய்து தரும்படி வந்தான். அது இஞ்செக்‌ஷன் வண்டி. பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கும், அழுத்தம் 3 பார் அளவுக்கு நிற்கும், அணைத்தபின்னும் உடனே இறங்காது. பம்பின் பியூஸைப் பிடுங்கி, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டு, அழுத்தத்தை இறக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் இணைப்பைக் கழற்றினால் பெட்ரோல் முகத்தில் பீய்ச்சும். ஹோஸும் ரப்பர் அல்ல, பூட்டு வைத்த நைலான் குழாய். துண்டு வெட்டி கிளிப் போட முடியாது. மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கோபம்தான் அவனுக்கு. வண்டி இப்போது நாகர்கோவிலில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பாகம் வருவதற்காக நிற்கிறது. தினமும் பஸ்ஸில் போய் வருகிறான்.