அகல் காய்கிற நாட்கள்

ஐப்பசி 22
வகுப்புப் பிள்ளைகள் அகல் செய்ய மண் வந்துவிட்டது. கண்மாய் வண்டல், குயவர் வேளார் சலித்து மிதித்துக் கொடுத்தது. ஈரச்சாக்கில் சுற்றி வாளிக்குள் வைத்தாயிற்று. தீபத்துக்கு நாள் இருக்கிறது. வெயில்தான் இல்லை.

ஐப்பசி 23
சுண்டுவிரல் கனத்துக்கு மண்ணைத் திரித்து விரலில் சுற்றிப் பார்த்ததில் வெடிக்கவில்லை, கையிலும் ஒட்டவில்லை. ஆனாலும் இந்த ஈரக்காற்றுக்கு வண்டல் மட்டும் போதாது. உடைந்த பானை ஓட்டை இடித்து, மாவுச் சல்லடையில் சலித்து, பத்துப் பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சேர்த்துப் பிசைந்தேன். ஓட்டுத்தூள் ஏற்கெனவே வெந்தது, இனிச் சுருங்காது. சலிக்காமல் போட்டால் பிள்ளைகளின் விரலைக் கீறும்.

ஐப்பசி 25
செய்துவிட்டார்கள்! மூன்று, நான்கு வயசுக் கைகளுக்கு எலுமிச்சை அளவு உருண்டைதான் சரி, எடை 60 கிராம். உருண்டையை இடது உள்ளங்கையில் வைத்து, வலது கட்டைவிரலை நடுவில் இறக்கி, அழுத்து, கொஞ்சம் திருப்பு, அழுத்து. சுவர் பென்சில் கனத்துக்கு வந்ததும் நிறுத்த வேண்டும். அடி ஓட்டையாகிவிட்டால் ஒட்டுப்போடாமல் திரும்ப உருட்டுவதே நல்லது. ஒட்டு காயும்போது கழன்றுவிடும். திரி மூக்குக்கு ஒரு விரலை உள்ளே வைத்து, இரண்டு விரலால் வெளியே கிள்ளினால் போதும்.

தண்ணீர்க் கிண்ணம் மேசைக்கே வரக் கூடாது. கிண்ணத்தைக் கண்டால் பிள்ளைகள் விரலை முக்கிக்கொண்டே இருப்பார்கள், விளிம்பு கூழாகும், கூழான இடம் அதிகம் சுருங்கி வெடிக்கும். ஆளுக்கொரு ஈரத் துணித்துண்டு போதும்.

அடியில் ஈர்க்குச்சியால் அடையாளம் கீறினோம். விரல் தடத்தை வழவழப்பாக்க வேண்டாம் என்று ஆயாவிடம் சொல்லியிருக்கிறேன். பெரியவர்கள் கை பட்டால் எல்லா அகலும் கடை அகல் ஆகிவிடும்.

ஐப்பசி 26
மழை.

ஐப்பசி 27
மூன்று அகலில் விளிம்பு கீறல். விளிம்பு முந்திக் காய்கிறது, அடி ஈரமாகவே நிற்கிறது. ஒன்று சுருங்க ஒன்று விடாமல் பிடிக்க, நடுவில் பிளக்கிறது. ஈரத் துணி நாடாவை விளிம்பில் மட்டும் சுற்றினேன். அடியில் செய்தித்தாள் விரித்தேன், சுருங்கும்போது தரை பிடிக்காமல் நகர. மின்விசிறி கூடவே கூடாது, ஒரு பக்கம்தான் காயும். நகம் பட்டால் கோடு விழுந்து, விரல் அழுத்தினால் அமுங்காத பதத்தில் கவிழ்த்து வைக்கணும்.

ஐப்பசி 29
அடைமழை. பிள்ளைகளுக்குக் காகிதம் கிழித்து ஒட்டும் வேலை. பசை: ஒரு கப் மைதா, நான்கு கப் தண்ணீர், ஒரு கரண்டி உப்பு. முதலில் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்துவிட்டுத்தான் அடுப்பு. சுவரொட்டிப் பசையில் போடுகிற மயில்துத்தம் இங்கே ஒரு துளியும் ஆகாது, விஷம். வாய்க்குப் போகாத விரல் இந்த வயசில் கிடையாது.

கார்த்திகை 2
அகலைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். ஜில்லென்று இருக்கிறது. உள்ளே ஈரம் இருக்கிறது. 60 கிராமாக இருந்தது இப்போது 51 கிராம்.

கார்த்திகை 4
50.

கார்த்திகை 5
50. இறங்க மறுக்கிறது. 47க்காவது வர வேண்டும். சமையல் முடிந்த அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றியாயிற்று. நேரடிச் சூடு வேண்டாம், மிச்சச் சூடு போதும்.

மூக்கில் கீறல் விழுந்த அகலுக்கு உரியவள் தினமும் வந்து பார்க்கிறாள். காய்ந்த மண்ணில் ஈர மண்ணை அப்பினால் அப்பியது மட்டும் சுருங்கி உதிரும். சுட்டாலும் கீறல் மூடாது, விரியும். அவள் தடம் இருப்பது அந்த ஒன்றில்தான். புதிதாகச் செய்தால் அது காய நாள் இல்லை.

கார்த்திகை 8
47! கன்னத்தில் குளிர்ச்சி இல்லை. சூளையில் சுட வேளாரிடம் சொல்லியாயிற்று. “மேலடுக்குல வைக்கிறேன் டீச்சர், சூடு அங்கதான் மெதுவா ஏறும்” என்றார். அவர் கவலையும் நியாயம்: ஈரம் மிஞ்சிய ஒரு அகல் ஆவியில் வெடித்தால் பக்கத்தில் இருக்கிற அவர் சரக்கும் போகும்.

கார்த்திகை 9
சூளை மூட்டவில்லை. வரட்டி நனைந்துவிட்டது.

கார்த்திகை 11
48. காய்ந்த மண் காற்றிலிருந்து ஈரத்தைத் திரும்பக் குடிக்கிறது. எல்லாவற்றையும் மறுபடி பரணுக்கு ஏற்றினோம். சூளைக்குப் போகிற அன்று காலை வரை அங்கேதான். கீறல் விழுந்ததும் கூடவே போகட்டும், எண்ணெய் நிற்காவிட்டால் மணலை நிரப்பி ஊதுபத்தி செருகலாம். அவளிடம் கேட்க வேண்டும். சுட்டு வந்ததும் எல்லா அகலையும் ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போடணும், இல்லையென்றால் முதல் எண்ணெயை மண்ணே குடித்துவிடும். வேளார் இன்னும் நாள் சொல்லவில்லை.