கொடிநாள் ஸ்டிக்கர்

டிசம்பர் 7 வந்துருச்சு, ஆபீஸ்ல படைவீரர் நலனுக்கான கொடிநாள் உண்டியல் சுத்துது, பாதிப் பேரு இத சம்பளத்துல இன்னொரு பிடித்தம் மாதிரி மூஞ்சிய சுளிச்சுக்கிட்டே போடுறாய்ங்க. 1949லருந்து நடக்குதுப்பா இது. நானும் பத்து ரூபா போட்டு ஸ்டிக்கர சட்டைல ஒட்டிக்கிட்டு டீக்குப் போற ஆளுதான், பொய் சொல்லல.

உசிலம்பட்டி பக்கம் எங்க பெரியம்மா ஊர்ல தெருவுக்கு ரெண்டு பட்டாளத்துக்காரரு இருப்பாங்க. அதுல ஒரு மாமாவுக்கு டூட்டில அடிபட்டு இடுப்புக்குக் கீழ உணர்வே போச்சு. புனே பக்கம் கிர்க்கில முதுகுத்தண்டு அடிபட்ட வீரர்களுக்குன்னே ஒரு மறுவாழ்வு மையம் இருக்கு, மொகாலிலயும் ஒண்ணு இருக்கு, இவரு கிர்க்கில இருந்தாரு. வீல்சேர்லயே பாஸ்கட்பால் ஆடுவாங்களாம், கை வராதவங்க வாயில பிரஷ்ஷ கவ்விக்கிட்டு படம் வரைவாங்களாம். "மாப்ள, அங்க போயித்தான்டா மறுபடி சிரிச்சேன்"னாரு. அந்த மையங்களுக்கும் இந்தக் கொடிநாள் நிதிலருந்து உதவி போகுது, எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

பிள்ளைக படிப்புக்கு, மக கல்யாணத்துக்கு, கணவர இழந்தவங்களுக்குன்னு கேந்திரிய சைனிக் போர்டுல (முன்னாள் படைவீரர் நலனுக்கான மத்திய அரசு அமைப்பு) தனித்தனியா உதவி இருக்கு, ஹவில்தார் பதவி வரைக்கும் இருந்தவங்க குடும்பங்களுக்குத்தான் பெரும்பாலும். ஆனா விண்ணப்பம் ஆன்லைன்ல போடணும். அந்த ஊரு அத்தைக டிஸ்சார்ஜ் புக்க, அதான் பட்டாளத்துல இருந்து வெளிய வரும்போது குடுக்குற புத்தகத்த, மஞ்சப்பைல சுத்தி பீரோவுல வச்சிருக்காங்க, அவ்வளவுதான். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம்னு ஒண்ணு இருக்குறதே பல பேருக்குத் தெரியல.

சனிக்கிழமை பெரியம்மா ஊருக்குப் போறேன், அவங்களுக்கு விண்ணப்பம் போட்டுக் குடுக்க. லேப்டாப் இருக்கவங்க யாராச்சும் கூட வாங்கய்யா, கறிச்சோறு பெரியம்மா போட்டுரும்.